கேட்டுவிட்டு நடுங்கியவர்

செய்தி வந்தபோது நான் பல்லடம் பேருந்து நிலையத்தில் திருப்பூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பழைய அலுவலகத்தின் வாட்ஸாப் குழு வெகுகாலமாகச் சத்தமில்லாமல் கிடந்தது. பண்டிகைக்கு யாராவது ஒரு வாழ்த்துப் படம் போடுவார்கள், இரண்டு பேர் கைகூப்புவார்கள், அதோடு சரி. அந்தக் குழுவில் அன்று காலை பிரபாகரன் எழுதியிருந்தார்: "சபீனா மேடம் காலைல தவறிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். கோட்டைமேட்டு வீட்டுலதான் இருக்காங்க. முடிஞ்சவங்க வாங்க."

'இருக்காங்க' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். திருப்பூர் வண்டி வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. நான் எதிர்ப்பக்கம் போய்க் கோயம்புத்தூர் வண்டியில் ஏறினேன்.

நடந்து முடிந்துவிட்டது என்று தெரியும். ஆனாலும் வழி முழுக்க, இனிமேல்தான் ஏதோ நடக்கப்போகிறது என்பதுபோல ஃபோனைத் திறந்து திறந்து பார்த்தேன். அந்த ஆன்லைன் மார்க்கெட்டிங் கம்பெனியில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் இந்தக் கலக்கம் புதிதல்ல. நாம் அதற்குள்தான் குடியிருந்தோம். நம்மில் அதிகம் கலங்கியவர் சபீனா. அவரைப் பற்றி நினைவில் இருப்பதை, அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தெரியாதவர் படித்தாலும் விளங்கட்டும் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அவினாசி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது அலுவலகம். நகைக்கடை, பள்ளிக்கூடம், பல் ஆஸ்பத்திரி, புடவைக்கடை என்று பலருக்கும் ஃபோனில் விளம்பரம் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். நீங்கள் ஒரு வளையலைச் சும்மா தொட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் போகிற இடமெல்லாம் வளையலே வந்து நிற்கும் அல்லவா, அப்படி நிற்கவைப்பது எங்களைப் போன்றவர்கள்தான். வாசகம் எழுதுவது நான். படம் வடிவமைப்பது பிரபாகரன். விளம்பரம் கொடுத்த முதலாளிகளிடம் பேசுவது சபீனா. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கூப்பிட்டார்கள், ஏன் கூப்பிடவில்லை என்று வாராவாரம் அவர் பதில் சொல்ல வேண்டும். சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. அதில் எண்கள் பச்சையிலும் சிவப்பிலும் மாறிக்கொண்டிருக்கும். சிவப்பு அதிகமான நாளில் தேநீர் மேசையிலேயே ஆடை கட்டிவிடும்.

சபீனாவின் ஃபோன் அடித்தால் பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்கே படபடப்பாக இருக்கும். அதை எடுப்பதற்கு முன் துப்பட்டா முனையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வார். லிஃப்டில் ஏற மாட்டார். நடுவில் நின்றுவிடும் என்று பயம். மழை வந்தால் உக்கடம் பக்கம் தண்ணீர் தேங்கியிருக்குமே என்று மதியத்திலிருந்தே வீடு திரும்பும் கவலை. இவர் இந்த வேலையில் நிலைக்க மாட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே வயதுப் பெண்கள். ஆனால் கடைசிவரை 'நீங்க, வாங்க' என்பதை விட்டு ஒருமைக்கு வரவே இல்லை. நெருக்கம் கூடக்கூட 'ங்க'வும் கூடியது.

அவரை எனக்குச் சரியாகக் காட்டியது அந்தப் பல் ஆஸ்பத்திரி விவகாரம். இணையத்தில் அந்த ஆஸ்பத்திரியின் நட்சத்திரங்கள் இறங்கிவிட்டன. மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, அவரவர் ஃபோனிலிருந்து அஞ்சு நட்சத்திரம் கொடுத்து இரண்டு வரி நல்லபடியாக எழுதச் சொன்னார். எல்லோரும் தலையைக் குனிந்து தட்ட ஆரம்பித்தார்கள். சபீனா, பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினார்.

"சார், ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்க சபீனா."

"நான் அந்த ஆஸ்பத்திரி வாசல்ல கூட நின்னதில்லீங்க. வலியே இல்லாம பல்லுப் புடுங்குனாங்கன்னு எப்படிங்க எழுதறது? அதைப் படிச்சுப்போட்டு ஒருத்தர் போயி, அவருக்கு வலிச்சுதுன்னா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். மேலாளரும் சிரித்தார். "அதெல்லாம் யாருங்க அவ்வளவு பார்க்கறாங்க. எழுதுங்க."

"எனக்குக் கை வரலீங்க சார். மன்னிச்சுக்குங்க."

சொல்லும்போது அவர் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. மேலாளர் ஒரு நிமிடம் அவரையே பார்த்துவிட்டு, "சரி, நீங்க விடுங்க" என்றார். அவ்வளவுதான். உலகம் ஒன்றும் மாறவில்லை. மற்ற எல்லோரும் எழுதினோம், நட்சத்திரங்கள் ஏறின. கொஞ்ச நேரம் கழித்துக் கைகழுவும் இடத்தில் அவரைப் பார்த்தபோது குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"கேக்கும்போது தைரியமாத்தானுங்க கேட்டீங்க, இப்ப என்னங்க?" என்றேன்.

"எனக்கு ஏதுங்க தைரியம். கேக்காம உள்ளயே வச்சிருந்தா இன்னும் பயமா இருக்கும். அதுக்குத்தான் கேட்டுப்போடறது."

இதற்கப்புறம் பலமுறை அவர் வாயால் இதைக் கேட்டிருக்கிறேன். பெரிய தத்துவம்போல அவர் சொன்னதில்லை. தன் உடம்பைப் பற்றிய ஒரு தகவல்போலத்தான் சொல்வார்.

ஒருநாள் எம்.டி. எங்களை உட்காரவைத்து, எழுதித்தரும் ஏஐயைத் திரையில் இயக்கிக் காட்டினார். புதுக் கார் வாங்கியவர் காட்டுவதுபோல இருந்தது அவர் முகம். நான் அரைநாள் யோசித்து எழுதும் புடவை விளம்பரம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து விழுந்தது. கூடவே படமும் வந்தது. எல்லோரும் கைதட்டினோம். நானும் பிரபாகரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தட்டினோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேநீரோடு வந்த பிஸ்கட் நின்றது. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து கண்ணாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தோம். மொட்டைமாடிக்குப் போய் வேறு கம்பெனிகளுக்கு ஃபோன் செய்துவிட்டு, கீழே வந்து ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. நூல் வராத நாட்களில், சும்மா நிற்கும் தறியைச் சுற்றிச்சுற்றி வருவார் அப்பா. அந்த மாதம் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எங்கள் நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எம்.டி. வளர்ச்சி பற்றிப் பேசினார். நாமெல்லாம் ஒரு குடும்பம் என்றார். கடைசியில், "ஏதாச்சும் கேள்வி இருக்குங்களா?" என்றார். நான் சபீனாவின் கையைத்தான் பார்த்தேன். துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆள் கொறைக்கப் போறீங்களா?"

"அதெப்படிங்க சபீனா இப்பவே சொல்றது."

"கொறைக்கறதா இருந்தா எப்பன்னு சொல்லிப்போடுங்க சார். கொழந்தைகளுக்கு பீஸ் கட்டறவங்க இருக்காங்க. நோம்பி வருது, துணிமணி எடுக்கறவங்க இருக்காங்க. தெரிஞ்சுபோட்டா அவங்கவங்க பார்த்து நடந்துக்குவாங்க."

எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளாமலே சொன்னார்: "மாசக் கடைசியிலங்க. பாதிப் பேரு."

அன்று சபீனாவை யாரும் பாராட்டவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது பிரபாகரன் அவரை மறித்துக்கொண்டு நின்றார். எப்போதும் அதிர்ந்து பேசாத மனிதர். "தெரியாம இருந்திருந்தா இந்த மாசமாச்சும் நிம்மதியாச் சோறு தின்னிருப்பேனுங்க. நீங்க கேட்டு அதையும் கெடுத்துப்போட்டீங்க" என்றார். அவர் போனபின் சபீனா என்னிடம், "அவரு சொல்றதும் சரிதானுங்களே" என்றார்.

மாதக் கடைசியில் ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குப் போய் வந்தோம். சபீனாவும் நானும் தப்பினோம். பிரபாகரனுக்கு வேலை போனது. மேசையில் இருந்த காபிக் கோப்பையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்.

அது முடிந்து சில வாரங்கள் கழித்து ஒருநாள் காலையில் சபீனா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "ஏனுங்க மகேஸ், பிரபாகரன் வண்டி கீழ நிக்குதுங்க. நேத்தும் நின்னுச்சு. எனக்கு என்னமோ சரியாப் படலீங்க."

இருவரும் இறங்கிப் போனோம். பேக்கரியின் கடைசி மேசையில், இஸ்திரி போட்ட சட்டையோடு, லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு பிரபாகரன் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. வேலை போனதை வீட்டில் அவர் சொல்லவே இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பது மனைவியின் ஃபோனில் தெரியும். வண்டியில் ஒருமுறை விழுந்ததிலிருந்து அந்த ஏற்பாடு. அதனால் மதுக்கரையிலிருந்து தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, பழைய இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, பழைய கட்டடத்திலேயே பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு, பழைய நேரத்துக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஊட்ல எப்பங்க சொல்லுவீங்க?" என்று கேட்டார் சபீனா.

"வேற வேலை கெடைச்சதுக்கு அப்புறமேட்டுச் சொல்லலாம்னு."

"கெடைக்கலீன்னா?"

அவர் கண்ணாடிக்கு வெளியே, சந்து முனையில் தெரிந்த ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்தார். நாங்கள் திரும்பி மாடியேறும்போது சபீனா பாதிப் படியில் நின்றுவிட்டார். "அவரு ரோட்டைப் பார்த்த பார்வை நல்லா இல்லீங்க மகேஸ்" என்றார். அன்று மதியம் வந்த எந்த ஃபோனையும் அவர் எடுக்கவில்லை. மறுநாள் மறுபடி கீழே போய், "நானும் வாரேன், ரெண்டு பேருமாச் சொல்லிப்போடலாம்" என்றார். "வாங்க. நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா வாய் வரும்னு நெனைக்கிறேன்" என்றார் பிரபாகரன்.

ஞாயிற்றுக்கிழமை சபீனாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். மதுக்கரையில் அவர்கள் வீட்டு முருங்கை மரத்து இலையெல்லாம் சிமென்ட் ஆலைத் தூசியில் சாம்பல் பூத்திருந்தது. பிரபாகரனின் மனைவி சுமதி சிரித்தமுகத்தோடு தண்ணீர் கொடுத்தார், காபி போட உள்ளே போனார். பிரபாகரன் அணைத்து வைத்திருந்த டி.வி.யைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. அவருக்கு வாய் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சபீனா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், துப்பட்டாவைப் பிடித்தார்.

"ஏனுங்க சுமதி, ஒன்னு சொல்லோணும். இவருக்கு வேலை போயிடுச்சுங்க. மாசத்துக்கு மேல ஆச்சு. சொல்ல முடியாமத் தவிக்கிறாரு."

சுமதி தட்டோடு நின்றார். அவர் பார்வை கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க யாருங்க?"

"கூட வேலை பார்த்தவங்க."

"அது தெரியுதுங்க. என்ற ஊட்டுக்காரரு என்கிட்டச் சொல்ல வேண்டியதை நீங்க வந்து சொல்றதுக்கு நீங்க யாருங்கன்னு கேக்கறேன். அப்ப ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது. அப்படித்தானுங்க?"

"மன்னிச்சுக்குங்க."

"காப்பியக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."

குடிக்காமல் எழுந்தால் இன்னும் மரியாதைக் குறைவாகிவிடும் என்று தோன்றியது. ஆறிப்போன அந்தக் காபியை இருவரும் மிச்சமில்லாமல் குடித்தோம். வாசல்வரை யாரும் வரவில்லை.

சிமென்ட் ஆலைச் சுவரைத் தாண்டியதும் சபீனா வண்டியை ஓரங்கட்டினார். "அவங்க கேட்டதுக்கு என்கிட்டப் பதில் இல்லீங்க" என்றார். அவர் செய்தது சரியா என்று அன்று என்னிடம் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாளிலிருந்து கீழே பிரபாகரனின் வண்டி நிற்கவில்லை. நின்றபோது பயந்தவர், நிற்காதபோது அதைவிடப் பயந்தார். தினமும் காலையில் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவார். ஃபோன் செய்தால் பிரபாகரன் எடுக்கவில்லை. "உசுரோட இருக்காருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க" என்று ஒருநாள் சொன்னார். பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, விரலால் தடவிக்கொண்டு வருவார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். நானும் தேடினேன்.

கடைசியில் கூப்பிட்டது சுமதி. சபீனா ஃபோனை என் காதுக்கும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க வந்தது எனக்கு இன்னமும் புடிக்கலீங்க. அதை மொதல்ல சொல்லிப்போடறேன். ஆனா நீங்க போனதுக்கு அப்புறம் அவரு படுத்துத் தூங்குனாரு. மறுநா மத்தியானந்தான் எந்திரிச்சாரு. அப்படித் தூங்கி எத்தனை நாளாச்சோ தெரியலீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இங்கயே அட்டைப்பெட்டிக்கு டிசைன் போடற எடத்துல சேர்ந்திருக்காரு" என்றார்.

சபீனா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அப்புறம் அவர்கள் இருவருக்கும் எப்படியோ சிநேகம் உண்டாகிவிட்டது. சபீனா ஃபோன் செய்தால் சுமதி எடுத்ததும் "நீங்க யாருங்க?" என்றுதான் கேட்பாராம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கம்பெனியைப் பெங்களூர்க்காரர்கள் வாங்கியபின் மிச்சமிருந்தவர்களும் சிதறினோம். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் எழுதுகிறேன். சபீனா வீட்டிலிருந்தே கோட்டைமேட்டு அத்தர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் தையற்கடைக்கும் விளம்பரம் செய்துகொடுத்தார். அத்தர் கடைக்காரர் கூச்சப்பட்டதால் காணொளியில் இவரே தன் குரலில் பேசி, தன் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டுவிடுவார். "இப்ப மொதலாளியும் நானே, அவரைப் பார்த்துப் பயந்துக்கற ஆளும் நானேங்க" என்றார்.

இரத்தத்தில் நோய் என்று தெரிந்த அன்று என்னைக் கூப்பிட்டார். "டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டுப்போட்டேனுங்க" என்றார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒன்னையும் மறைக்காமச் சொன்னாரு. நல்ல மனுசன்" என்றார். அதற்குமேல் அன்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசியாகப் பார்க்கப் போனபோது மிகவும் இளைத்திருந்தார். அவர் கணவர் அப்பாஸ் அண்ணன் கண்ணாடி, படச்சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். எனக்கு டீ வாங்க அவர் வெளியே போனதும் சபீனா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மகேஸ், எனக்கு ஒரு வேலை செய்யோணுமுங்க. நான் போனதுக்கு அப்புறம் என்ற ஃபேஸ்புக் பக்கத்தை மூடிப்போடுங்க."

"என்னங்க பேசறீங்க."

"நம்ம பார்க்காததுங்களா. செத்தவங்க பொறந்தநாளுக்கு ஃபோனு அது பாட்டுக்கு ஞாபகப்படுத்தும். விசயம் தெரியாதவங்க கேக் படத்தைப் போட்டு நூறு வருசம் நல்லா இருங்கம்பாங்க. இவரு அதைப் பார்த்துப்போட்டு கடையத் தொறக்காம உக்காந்திருப்பாரு. அதை நெனைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது. மத்ததெல்லாம் டாக்டர் சொல்லிட்டாரு."

பாஸ்வேர்டைக் காதில் சொன்னார். எழுதி வைக்க வேண்டாம் என்று சொல்லி, என்னைத் திரும்பச் சொல்லவைத்தார். அப்பாஸ் அண்ணன் டீயோடு வந்தபோது நாங்கள் மழை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அடக்கத்தன்று பெண்கள் வீட்டுக்குள் இருந்தோம். வெள்ளைத் துணிக்கு நடுவே முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகத்தில் கவலை இல்லாமல் நான் பார்ப்பது அதுவே முதல்முறை என்பதால் அடையாளம் தெரிய ஒரு கணம் ஆனது. சுமதி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கு அந்தப் பச்சத்தண்ணி மாதிரி காப்பிய ஒரு சொட்டு வைக்காமக் குடிச்சாங்க, பாவம்" என்று மட்டும் சொன்னார். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பிரபாகரனும் தோள் கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்து அப்பாஸ் அண்ணனின் கடைக்குப் போனேன். சபீனா சொன்ன வேலையை அவரிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. கண்ணாடி அறுக்கும் மேசைமேல் ஃபோனைச் சாய்த்துவைத்து, அத்தர் கடை விளம்பரத்தை ஓடவிட்டிருந்தார். சபீனாவின் குரல் மல்லிகை அத்தரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"சொல்லியிருப்பா" என்றார். அறுத்த கண்ணாடியின் ஓரத்தை வெகுநேரம் தேய்த்தார். "கொஞ்ச நாள் இருக்கட்டும் அம்மணி. அதுலதான் அவ குரலு இருக்குது."

"பொறந்தநாள் வருதுங்களே அண்ணா. அதை நெனைச்சுத்தான் பயந்தாங்க."

"வரட்டும். அன்னைக்கு நாலு பேரு அவ பேரச் சொல்லுவாங்கல்ல."

நான் மூடவில்லை. போனவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், இருப்பவர் வேண்டாம் என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து, புதிதாக யாரும் எதையும் போட்டுவிடவில்லையே என்று பார்த்துவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறேன்.

மார்கழியில் அவர் பிறந்தநாள். உங்கள் ஃபோன் உங்களுக்கு நினைவூட்டும். அன்று கேக் படம் வேண்டாம், நூறு வருடமும் வேண்டாம். அவரோடு உங்களுக்கு நடந்த ஏதாவது ஒன்றை, அது சண்டையாக இருந்தாலும் சரி, நடந்தபடியே எழுதுங்கள். அப்பாஸ் அண்ணன் கடையில் உட்கார்ந்து படிப்பார். இப்படிச் செய்தால் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். சபீனா ஒத்துக்கொள்வாரா என்று தெரியாது.

அவருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. ஒரு பாஸ்வேர்ட் இருக்கிறது. அதை நான் இன்னும் எங்கும் எழுதி வைக்கவில்லை.